கணக்கதிகாரியின் தலைமகன்

மகன் பிறந்த அன்றே அவனுக்குரிய நாற்காலியை மனத்திற்குள் போட்டு வைப்பது நம்மவரிடையே பழைய வழக்கம். பிழைப்பின் பொருட்டு வெளி மாகாணங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இவ்வழக்கம் இன்னும் அழுத்தமாக வேரூன்றியிருக்கக் காண்கிறோம். ஊரில் நிலத்தை விட்டு வந்தவனுக்கு மாதச் சம்பளமே நிலம், ஓய்வூதியமே கிணறு. அத்தகைய குடும்பமொன்றில் பிறந்து, தமக்கெனப் போட்டிருந்த நாற்காலியில் அமர மறுத்துவிட்ட ஒரு பெரியாரின் வரலாற்றைச் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம். வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரே அவர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூர் நகரில் பிறந்தார். தகப்பனார் சி. சுப்பிரமணிய ஐயர் அங்கே வடமேற்கு இரயில்வேயின் துணை ஆடிட்டர் ஜெனரலாகப் பணியாற்றி வந்தார். இரயில்வேயில் பேரேடு புரட்டிக் காலந்தள்ளும் நமக்கு அப்பதவியின் உயரத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையர் ஆட்சியில் இந்தியர் ஒருவர் அவ்விடத்தை எட்டுவது எளிதான காரியமன்று. வீட்டில் குழந்தைகள் பதின்மர். அவர்களுள் மூன்றாமவரும் ஆண் மக்களுள் மூத்தவருமான சந்திரசேகருக்குப் பாட்டனாரின் பெயரை இட்டனர். தகப்பனாரின் தம்பியார்தாம் சர் சி. வி. இராமன். 1907இல் நிதித்துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி உத்தியோகம் ஏற்ற இராமன், 1917இல் அதனை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தவர். ஆகவே அக்குடும்பத்தில் இரண்டு வழிகள் முன்னரே வெட்டப்பட்டிருந்தன. மூத்தவர் கணக்கிலேயே நிலைத்தார். இளையவர் விலகிச் சென்றார்.

தொடக்கக் கல்வி வீட்டிலேயே நடந்தது. அலுவலகம் புறப்படுமுன் தகப்பனார் ஆங்கிலமும் கணிதமும் கற்பிப்பார்; தமிழ் கற்பித்தது தாயார் சீதாலட்சுமி அம்மாள். இளமையிலேயே மணமாகி, பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத அவ்வம்மையார், தம் முயற்சியால் ஆங்கிலம் பயின்று, இப்ஸன் எழுதிய பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். வீட்டை விட்டுத் தன் வழியே செல்லும் பெண்ணைப் பற்றிய நாடகம் அது. பத்துக் குழந்தைகளைப் பெற்று வளர்த்த குடும்பத்தலைவி அதனைத் தேடிப் பிடித்துத் தமிழாக்கினார் என்றால், அவருடைய உள்ளப் பாங்கை நாம் ஒருவாறு உய்த்துணரலாம்.

1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1920இல் ஒருநாள், கணித மேதை இராமானுஜன் மறைந்த செய்தியைப் பத்திரிகையில் கண்ட தாயார் அதனை மகனுக்கு எடுத்துச் சொன்னார். பத்து வயது நிரம்பாத சிறுவனின் நெஞ்சில் அப்பெயர் ஆழப் பதிந்துவிட்டது. தானும் கணிதமே பயில வேண்டும் என்ற ஆசை அன்றே முளைத்தது.

தகப்பனாரின் எண்ணமோ வேறு. மூத்த மகன் ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறி ஜில்லாக் கலெக்டராக வரவேண்டும் என்பது அவர் விருப்பம். இதற்காக அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அந்நாளில் இந்திய இளைஞன் ஒருவன் எட்டக்கூடிய பதவிகளுள் அதனினும் மேலானது எது? சுப்பிரமணிய ஐயர் கலையுணர்ச்சி அற்ற வறண்ட கணக்கரும் அல்லர். வயலின் வாசிப்பதில் தேர்ந்தவர்; கருநாடக இசையின் இலக்கணத்தைப் பற்றி நூலே எழுதியவர். இசையின்மேல் எத்துணைக் காதல் இருப்பினும், காலையில் அதை உறையிலிட்டு மூடிவிட்டு அலுவலகம் சென்றவர். தாம் செய்ததையே மகனும் செய்யட்டும் என்று எண்ணியிருப்பார் போலும்!

1925இல் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனர்ஸ் வகுப்பிற்குப் பாடம் தெரிந்தெடுக்கும் வேளை வந்தபோது இழுபறி நேர்ந்தது. மகன் கணிதம் என்றார். இராமனைக் கண்முன் கண்டிருந்த தகப்பனார், கலெக்டர் ஆகாவிடினும் பௌதிகமாவது படிக்கட்டும் என்றார். பிறருக்கு அஞ்சாமல் தனக்குப் பிடித்ததையே செய்யும்படி மகனுக்குத் தைரியம் ஊட்டியவர் தாயார். முடிவில் சந்திரசேகர் பௌதிக வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டு, கணித வகுப்புகளிலும் சென்று அமர்ந்து பாடம் கேட்டார். தந்தை சொல்லைத் தட்டவும் இல்லை. தன் எண்ணத்தைக் கைவிடவும் இல்லை. 1928இல் ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது, புதிய குவாண்டம் கொள்கையைப் பற்றி அவரிடமே கேட்டறிந்து, தாமே பயின்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தபோது ஆசிரியருக்கு வயது பத்தொன்பதுகூட நிரம்பவில்லை.

1930இல் கேம்பிரிட்ஜ் சென்று ஆராய்ச்சி செய்ய இந்திய அரசாங்கம் உபகாரச் சம்பளம் அளித்தது. ஆனால் வீட்டில் தாயார் நெடுநாளாய் நோயுற்றுப் படுத்த படுக்கையாக இருந்தார். பிழைத்தெழுவார் என்ற நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. மூத்த மகன் இத்தருணத்தில் கடல் கடந்து செல்வது முறையா என்று உறவினர் கேட்டனர். சந்திரசேகரும் தயங்கினார். உத்தியோகத்தைத் தட்டிக் கழிப்பது ஒன்று. இது முற்றிலும் வேறு. இங்கே குறுக்கே நின்றது தகப்பனாரின் கண்டிப்பன்று, தாயின்மீது கொண்ட பாசம். அத்தடையை அகற்றியவரும் அத்தாயே. போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தி அவர் விடை கொடுத்தார். மகனை மறுபடி காண்பது அரிது என்பதை அவர் அறியாமலா இருந்திருப்பார்?

1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். தொடக்கத்தில் கடல் கொந்தளித்து வருத்தியது. பின்னர் அமைதியான நாட்களில், பத்தொன்பது வயது இளைஞர் மேல்தளத்தில் அமர்ந்து ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கிப் பூமியளவான வெண்குள்ள நட்சத்திரமாய் அடங்கிவிடும் என்பது பேராசிரியர் பவுலர் காட்டிய கொள்கை. அதனுடன் ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையையும் இணைத்துப் பார்த்தார் சந்திரசேகர். ஓர் எல்லை புலப்பட்டது. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடன் எஞ்சும் நட்சத்திரம் அவ்வாறு அடங்க இயலாது; மேலும் மேலும் சுருங்கிக்கொண்டே போகும். இன்று உலகம் அதனைச் சந்திரசேகர் எல்லை என்று வழங்குகிறது.

1931 மே மாதம் தாயார் காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

1933இல் டிரினிட்டிக் கல்லூரியின் பெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1918இல் இராமானுஜன் பெற்ற சிறப்பு அது. ஆயினும் 1935 ஜனவரி 11ஆம் நாள், இலண்டனில் வானியல் அறிஞர் கழகத்தில் தம் முடிவை எடுத்துரைத்தபோது, புகழ் வாய்ந்த எட்டிங்டன் எழுந்து அதனை நகையாடினார். அவையும் சேர்ந்து சிரித்தது. எட்டிங்டனின் கருத்து தவறென்று தனியே ஒப்புக்கொண்ட பெரியோர் சிலரும் வெளிப்படையாய் வாய் திறக்கவில்லை. நம்மைப் போன்றோராய் இருந்திருந்தால் அன்றிரவே ஐ.சி.எஸ். நினைவுக்கு வந்திருக்கும்! சந்திரசேகர் வாதத்தை வளர்க்கவில்லை. 1939இல் தம் முடிவுகளை நூலாக்கி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சியில் இறங்கினார்.

இதற்கிடையே 1936இல் தாயகம் வந்து, தம்முடன் பௌதிகம் பயின்ற லலிதாவைத் தாமே தெரிந்தெடுத்து மணந்தார். 1937 முதல் அமெரிக்காவில் சிக்காகோப் பல்கலைக்கழகப் பணி. 1995 ஆகஸ்டு 21இல் மறையும் வரை வாழ்ந்ததும் அந்நாட்டிலேயே. மகன் திரும்பிவந்து இந்தியாவில் பணியாற்ற வேண்டும் என்ற தகப்பனாரின் ஆசை நிறைவேறவில்லை. 1953இல் சந்திரசேகர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றது முதியவரை மிகவும் புண்படுத்தியது. இவ்விஷயத்தில் நம் மனம் தகப்பனார் பக்கமே சாய்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. மகன் தன் வழியே சென்றதற்கு அவ்வீடு கொடுத்த விலை சிறிதன்று. 1983இல் நட்சத்திர ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வந்தது. கப்பலில் போட்ட கணக்கிற்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று.

1936ஆம் ஆண்டுப் பயணத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்றைத் தேடித் தரும்படி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி அவரை வேண்டியிருந்தார். சந்திரசேகர் சென்னையில் இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிச் சென்று விசாரித்து, பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த படத்தைக் கண்டெடுத்தார். 1940இல் ஹார்டி வெளியிட்ட நூலில் அப்படம் இடம்பெற்றது. இராமானுஜன் என்றவுடன் நம் கண்முன் நிற்கும் முகம் அந்தப் படத்தில் உள்ளதுதான்.