ராமானுஜனின் கற்பலகை

படிவம் 5 படிக்கும்போது எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. யாராவது கேட்டால் ஒரு சாக்கு வச்சிருந்தேன்: கணித மேதை ராமானுஜனுக்கு நாமகிரித் தாயாரே கனவில் வந்து சொல்லிக் கொடுத்தாள், நமக்கு யார் சொல்லுவா? இப்போ எங்கள் இளைஞர் பகுதி டியூஷன் வகுப்பிலும் பிள்ளைகள் இதையேதான் சொல்றாங்க. அதனால அவர் வாழ்க்கையைத் தேடிப் படிச்சேன்.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். அப்பா துணிக்கடை குமாஸ்தா. 1903-இல், பள்ளியில் படிக்கும்போது, கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. சுமார் 5,000 முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன. வழிமுறை விளக்கம் மிகக் குறைவு. நானாக இருந்தால் மனப்பாடம் செய்திருப்பேன். அவரோ ஒவ்வொரு முடிவும் எப்படி வந்தது என்று தானே போட்டுப் பார்த்தார். பிறகு புதிய முடிவுகளைத் தேடிப் போனார். காகிதம் வாங்க வசதியில்லை. கற்பலகையில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். கடைசி விடை மட்டும் நோட்டுப் புத்தகத்துக்குப் போகும்.

இதனால் பட்ட கஷ்டமும் உண்டு. மற்ற பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

1913 ஜனவரியில், தான் கண்டுபிடித்தவற்றை எழுதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டி அசந்து போனார். ஆனால் எல்லாமே சரியாக இல்லை. பகா எண்களைப் பற்றி எழுதியதில் பிழை இருந்தது. இத்தனை வருஷம் தனியாகவே உழைத்தவருக்கு அதைச் சுட்டிக்காட்ட ஆளில்லை. 1914-இல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். முறையாக நிரூபிப்பது எப்படி என்பதை 26 வயதில் ஹார்டியிடம் கற்றுக்கொண்டார். அங்கே இருவரும் சேர்ந்து எண் பிரிவினைக்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். 4 என்ற எண்ணைக் கூட்டலாக 5 விதத்தில் எழுதலாம். 200-ஐ ஏறக்குறைய 4 லட்சம் கோடி விதத்தில் எழுதலாம். அதை ஒவ்வொன்றாக எண்ணாமல் கணக்கிட அந்தச் சூத்திரம் வழி காட்டியது. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோயோடு ஊர் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் காலமானார்.

தாயார் மீது அவருக்கிருந்த பக்தியை நான் குறைச்சுப் பேசல. கனவில் வந்ததையும் எழுந்தவுடன் குறித்துவைத்து, சரிதானா என்று போட்டுப் பார்ப்பாராம். அவரை நேரில் அறிந்தவர்கள் எழுதி வைத்த செய்தி இது. என் சாக்கு அதோடு போச்சு.

இப்போ எங்கள் வகுப்பில் விடைத்தாளை முதலில் கொடுப்பதில்லை. இருபது நிமிஷம் பிள்ளைகள் தாங்களே முட்டி மோதணும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, பிழையைக் கேட்டுத் திருத்தணும். அப்படியே வரலாற்றுப் புத்தகத்தையும் எடுக்கச் சொல்றோம்; அதில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாதே! போன வாரம் ஒரு தங்கச்சி நாலு தடவை அழிச்சு எழுதி, ஐந்தாவது தடவை விடையைக் கண்டுபிடிச்சாள். விடைத்தாளைக் கேட்கவே இல்லை.