பட்டாளத்துக்குக் கட்டின ரேடியோ... தென்காசி வரைக்கும் பாடின கதை!

குற்றாலச் சாரல்ல நனைஞ்சுட்டு, டீ கிளாஸோட ஹெட்போன்ல பாட்டு கேட்குற ஆளா நீங்க? அப்போ தென்காசியில இருக்குற உங்க தாத்தா பாட்டிகிட்ட ஒரு தடவை இலங்கை வானொலி பத்திக் கேட்டுப் பாருங்க. முகம் மலரும். 'பொங்கும் பூம்புனல்', மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீதுனு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. அந்த வானொலிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், நாம் வரலாற்றுப் பாடத்துல வேற காரணத்துக்காகப் படிச்ச மனுஷர். ஆமாம், மவுண்ட்பேட்டன்!

1900-ல் பிறந்தவர் லூயி மவுண்ட்பேட்டன். விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரன். அப்பா பிரிட்டிஷ் கடற்படையின் தலைவர். ஆனா, 1914-ல் முதல் உலகப் போர் வெடிச்சதும், ஜெர்மன் வம்சாவளிங்கிற ஒரே காரணத்துக்காக அப்பா பதவி விலக வேண்டியதாப் போச்சு. மகனுக்கு அது ஆறாத காயம். அதே கடற்படையில் உச்சத்துக்கு வரணும்கிற வெறி அப்பவே விழுந்திடுச்சு.

1920-களில் அவர் எடுத்த துறைதான் முக்கியம்... சிக்னல். அதாவது, வயர்லெஸ். அந்தக் காலத்து 'டெக்' ஆளுனு வெச்சுக்கோங்களேன். சினிமா மேலயும் தீராத ஆசை. மாசக்கணக்கா கடல்லயே கிடக்குற மாலுமிகளுக்குப் படம் போட்டுக் காட்டணும்னு, 1930-களின் கடைசியில கடற்படைக்குனே ஒரு திரைப்பட அமைப்பு உருவாக முன்னால நின்னார். பொழுதுபோக்கு இல்லாத படை சோர்ந்துபோகும்னு அவருக்குத் தெரியும்.

இரண்டாம் உலகப் போர்ல அவர் தலைமை தாங்கின கெல்லி கப்பல், 1941 மே மாசம் கிரீட் தீவுப் பக்கம் குண்டுவீச்சில் மூழ்கிடுச்சு. அவர் பிழைச்சார். கூட இருந்த பலர் பிழைக்கலை.

1943-ல் தென்கிழக்கு ஆசியப் படைகளின் தலைமைத் தளபதி ஆனார். எதிரே ஜப்பான். ஆனா, பர்மா காட்டுல ஜப்பானை விடப் பெரிய எதிரிகள் இருந்தாங்க... மழை, மலேரியா, வீட்டு ஏக்கம். லண்டன் பத்திரிகைகள் ஐரோப்பாவையே எழுதிட்டு இருக்க, இங்கே போராடின 14-வது படைக்கு 'மறக்கப்பட்ட படை'னே பேர் விழுந்துச்சு. அதுல பெரும்பாலானவங்க இந்திய வீரர்கள். மதராஸ் மாகாணத்துப் பிள்ளைகளும் உண்டு.

மவுண்ட்பேட்டன் 1944-ல் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாத்தினார். படைக்குனு தனிப் பத்திரிகை வந்துச்சு. வேரா லின் என்ற புகழ்பெற்ற பாடகி பர்மா முகாம்களுக்கே வந்து பாடினார். அதே வருஷம் கொழும்பில் ரேடியோ சியாக் பிறந்தது. பாட்டு, நாடகம், ஊர்ச் செய்தி... எல்லாமே வீரர்களுக்காக. ஒரு குறையையும் சொல்லணும். அதிகமும் ஆங்கில நிகழ்ச்சிகள்தான். நம்ம ஊர்ப் பையனோட ஏக்கத்துக்கு அதுல இடம் கம்மி.

அடுத்ததுதான் ட்விஸ்ட். ஆசியா முழுக்கக் கேட்கணும்னு 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் அமைச்சாங்க. ஆனா, 1945 செப்டம்பர்ல சிங்கப்பூரில் ஜப்பானியப் படை மவுண்ட்பேட்டன் முன்னால சரணடைஞ்சிடுச்சு. டிரான்ஸ்மிட்டர் முழு பலத்தோட பாட ஆரம்பிச்சது 1946-ல்! யாருக்காகக் கட்டினாங்களோ, அவங்க ஊருக்குக் கப்பல் ஏறிட்டு இருந்தாங்க.

மவுண்ட்பேட்டன் 1947-ல் கடைசி வைஸ்ராயா டெல்லிக்கு வந்தார். பிரிவினையை அவசரப்படுத்தினார்ங்கிற பழி இன்னைக்கும் அவர் மேல இருக்கு. பிறகு அப்பா இருந்த அதே கடற்படைத் தலைவர் நாற்காலியில 1955-ல் உட்கார்ந்தார். 1979 ஆகஸ்ட் 27 அன்னிக்கு அயர்லாந்தில், குடும்பத்தோட படகில் போனப்போ ஐ.ஆர்.ஏ வெச்ச குண்டுல இறந்துபோனார்.

அந்த ரேடியோ 1949-ல் இலங்கை அரசு கைக்குப் போச்சு. 1950-ல் வர்த்தக சேவை. 1952-ல் மந்திரியா வந்த கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமா பாட்டை ஓரங்கட்ட, நம்ம ஆட்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினாங்க. மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்த அந்தக் குரல் தென்மாவட்ட வீடுகளில் பளிச்சுனு கேட்டுச்சு.

வீட்டை விட்டுத் தூரத்துல இருந்தவனுக்காகக் கட்டினது, கடைசியில வீட்டுலயே இருந்தவங்களுக்குத் துணையாச்சு. அடுத்த முறை தாத்தா பழைய ரேடியோவைத் துடைச்சா, பக்கத்துல உட்கார்ந்து கொஞ்சம் கதை கேளுங்க!