ஹைதர் அலியும் திருகோணமலைத் துறைமுகமும்

அன்புவழிபுரத்திலும் அதன் அயலிலும் வாழும் மக்களுக்குத் திருகோணமலைத் துறைமுகம் அன்றாட வாழ்வின் ஓர் அங்கம். பருவக்காற்றுக் காலத்திலும் கப்பல்களுக்கு அடைக்கலம் தரும் இந்த ஆழ்கடல் துறைமுகத்துக்காக ஐரோப்பிய வல்லரசுகள் மோதிக்கொண்டதை நாம் அறிவோம். ஆனால், 1782ஆம் ஆண்டில் அந்த மோதலின் முடிவை எதிர்நோக்கிக் கடலுக்கு அப்பால், தமிழகத்தின் சமவெளியில் பாளையமிறங்கிக் காத்திருந்த ஒரு மாவீரரை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அவர்தான் மைசூரை ஆண்ட ஹைதர் அலி.

1720ஆம் ஆண்டளவில் கோலாரை அடுத்த புதிக்கோட்டையில் பிறந்த ஹைதர், சிறுவயதிலேயே தந்தையைப் போர்க்களத்தில் இழந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். எனினும் மனிதர்களையும் நிலத்தையும் கூர்ந்து படிக்கும் ஆற்றல் அவரிடம் நிறைந்திருந்தது. 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிவு அவரை மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1755இல் திண்டுக்கல்லின் நிருவாகத்தைப் பொறுப்பேற்ற அவர், பிரெஞ்சுக்காரரின் உதவியுடன் அங்கே ஆயுதச்சாலை நிறுவினார். 1761இல் மைசூரின் அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

கணவரை 1772இல் ஆங்கிலேயருடனான போரில் பறிகொடுத்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் தஞ்சம் புகுந்தபோது அவருக்குத் துணைநின்றவர் ஹைதர். அவரளித்த படையுதவியுடன் 1780இல் நாச்சியார் தம் சீமையை மீட்டார். சமயம் கடந்த இந்த நட்பு தமிழ், முஸ்லிம் மக்கள் இருசாராரும் பெருமையுடன் போற்றத்தக்கது.

ஹைதரின் போர்த்திறனுக்கு 1769ஆம் ஆண்டின் நிகழ்வு தக்க சான்றாகும். ஆங்கிலேயப் படையைச் சென்னையிலிருந்து வெகுதொலைவுக்கு இழுத்துச் சென்ற அவர், கனரகப் பீரங்கிகளையும் சுமைகளையும் திருப்பி அனுப்பிவிட்டு, சுமார் 6,000 குதிரை வீரருடன் விரைந்து வந்து சென்னையின் வாயிலில் நின்றார். கோட்டையைத் தாக்காமலே தமக்கு உகந்த உடன்படிக்கையைப் பெற்றார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பின்னர் மராட்டியர் மைசூர்மீது படையெடுத்தபோது ஆங்கிலேயர் அவ்வாக்கைக் காக்கவில்லை. ஹைதர் அதை மறக்கவுமில்லை.

1780இல் அவர் கர்நாடகச் சீமைக்குள் புகுந்தார். காஞ்சிபுரத்தில் மன்றோவின் படையும், அதனோடு சேர விரைந்த பெய்லியின் படையும் ஒன்றுகூடும் முன்பே இடையில் புகுந்து பிரிப்பதே அவரது திட்டம். செப்டெம்பர் 10ஆம் திகதி பொள்ளிலூரில், மகன் திப்புவுடன் சேர்ந்து பெய்லியின் படையை முற்றாக முறியடித்தார். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதும் ஆங்கிலேய அணி குலைந்தது. மன்றோ தம் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

ஆயினும் வெற்றி நிலைக்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் மங்களூரில் நின்ற ஹைதரின் கப்பல்களை ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் அழித்தார். 1781 ஜூலை முதலாம் திகதி பரங்கிப்பேட்டையில் அயர் கூட் வெற்றி பெற்றபோது, கரையோரம் நின்ற ஆங்கிலேயக் கப்பலும் ஹைதரின் படைமீது குண்டுமாரி பொழிந்தது. நிலத்தில் எத்தனை முறை வென்றாலும், கடல்வழியே எதிரிக்கு உணவும் ஆட்களும் வந்துகொண்டே இருக்கும் என்ற கசப்பான உண்மையை அவர் உணர்ந்தார்.

எனவேதான் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரெனை அவர் பெரிதும் நம்பினார். 1782 ஜூலையில் இருவரும் கடலூரில் சந்தித்தனர். அவ்வாண்டு ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்திருந்த திருகோணமலையை ஓகஸ்ட் இறுதியில் சுஃப்ரென் கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆம் திகதி இக்கடலில் நடந்த பெரும்போரில் இரு தரப்பும் பலத்த சேதமடைந்தன. முடிவான வெற்றி எவருக்கும் கிட்டவில்லை. துறைமுகம் மாத்திரம் பிரெஞ்சுக்காரர் வசம் நின்றது. அதன் முழுப் பயனைக் காணுமுன்பே, 1782 டிசெம்பர் 7ஆம் திகதி, சித்தூரை அடுத்த பாளையத்தில் முதுகுக் கட்டியால் ஹைதர் மரணமடைந்தார். மலபாரிலிருந்து திப்பு வந்துசேரும்வரை அச்செய்தியை மறைத்துப் படையைச் சிதறாமல் காத்தவர்களுள் முதன்மையானவர் பூர்ணையா என்னும் இந்து அமைச்சர்.

ஹைதர் குறையற்றவர் அல்லர். எதிரிக்கு உணவு கிடைக்காதிருக்கச் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களை அவர் எரித்தபோது, அல்லலுற்றவர்கள் ஏதுமறியாத உழவர்களே. போர்த்தந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும் அதன் விலையைக் குடிமக்களே கொடுக்கின்றனர் என்பதை முப்பது ஆண்டுப் போரைக் கண்ட நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வாளை உருவுவது மட்டும் வீரமாகாது. தன் வலிமையின் எல்லையை நேர்மையாக அறிதலும், அந்த எல்லைக்கு அப்பால் துணை தேடத் தயங்காதிருத்தலும் வீரமே. ஹைதர் அலியின் வாழ்வு புகட்டும் பாடம் இதுவே. அவரது எல்லை கடலில் தொடங்கியது. அவர் தேடிய துணை நமது துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்தது.