கணக்குக் குமாஸ்தா இராமானுஜன்

நாளெல்லாம் கணக்கேட்டின் முன் அமர்ந்திருக்கும் ரயில்வே குமாஸ்தா ஒருவன், மற்றொரு குமாஸ்தாவைப் பற்றி நம் சங்க மலரில் எழுதுவது பொருத்தமே எனத் துணிந்தேன்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே உள்ளம் தோய்ந்ததால் ஏனைய பாடங்களில் தவறி, எப்.ஏ. பரீட்சையில் தேறாது போனார். வேலை தேடி அலைந்தபின், 1912இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் அவரது அருமையை உணர்ந்து ஆதரித்தார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் பயனாய், 1914இல் கப்பலேறினார்.

மறு ஆண்டே அவர் வெளியிட்ட பெருங்கட்டுரை ஒன்று, காரணிகள் மிகுந்த எண்களைப் பற்றியது. 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. அவ்வாறே 24க்கு எட்டு, 60க்குப் பன்னிரண்டு. நாளின் இருபத்து நான்கு மணியை எட்டெட்டாக மூன்று முறைக்குப் பங்கிடும் ரயில்வேக்காரர் இவ்வெண்களின் வசதியை நன்கறிவர்.

இத்தகைய எண்களை வரிசையாகத் தேடிச் சென்ற இராமானுஜன், தம் பட்டியலை 67,46,32,83,88,800 என்னும் எண்ணில் முடித்தார். ஆறு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட இவ்வெண்ணுக்கு 10,080 காரணிகள் உள. கணிப்பொறி தோன்றாத காலத்தில் செய்த வேலை இது!

ஆயினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 2,93,31,86,25,600; அதன் காரணிகள் 5,040. வியப்பு யாதெனின், அதனை 23ஆல் பெருக்கினால் கிடைப்பதே பட்டியலின் கடைசி எண். 23 அதில் முன்பு இல்லாத பகா எண்ணாதலால், காரணிகளின் தொகை சரியாக இரட்டிக்கிறது. கூட்டலை இருமுறை சரிபார்க்கும் நமக்கு இஃது ஓர் ஆறுதல்: மேதையின் ஏட்டிலும் ஒரு வரி விடுபடக் கூடும், அதனால் அவர் கண்ட உண்மை குறைவதில்லை.

இக்கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டமளித்தது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயுற்றுத் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அச்சேறாது நின்ற அக்கட்டுரையின் பிற்பகுதி 1997இல் வெளிவந்தது.

நம் காலனிப் பிள்ளை ஒருவன் ஏதேனும் ஒரு பாடத்தில் தவறி, தலைகுனிந்து வீடு வரின், பெற்றோர் கடிந்துகொள்ளுமுன் அவன் நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.