கிள்ளான் தோட்டங்களைத் தட்டியெழுப்பிய ஆர்.எச். நாதன்



இன்று நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். மானேஜர் எதிரே வந்தாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் தாத்தா காலத்தில் அது நடக்குமா? வெள்ளைக்காரத் துரையோ, ஆபீஸ் கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளை விட்டு இறங்கித்தான் ஆகணும். அவர் போன பிறகுதான் ஏறணும். தோலின் நிறத்தைப் பார்த்து மனிதனை அளந்த காலம் அது. அந்த இழிவை ஒழிக்கணும் என்று கோரிக்கையில் எழுதி வைத்த ஒருவரைப் பற்றி இன்று சொல்கிறோம். அவர் பெயர் ஆர்.எச். நாதன்.

நாதன் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். பால் மரம் வெட்டியவர் அல்ல, பேனா பிடித்தவர். கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றினார். ஆபீஸில் உட்கார்ந்து எழுதினோம், சம்பளம் வாங்கினோம் என்று அவர் இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்குப் போனார். லயத்து மக்களோடு பேசினார். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார்.

அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல கிராக்கி. முதலாளிகளுக்கு லாபம் கொட்டியது. ஆனால் தமிழ்த் தொழிலாளிக்கு நாள் கூலி ஏறக்குறைய 50 காசுதான். அதே மரத்தை வெட்டிய சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். அரிசி விலை ஏறியது, வயிறு காய்ந்தது. 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது.

சங்கத்தின் கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனருக்குச் சமமான கூலி வேணும். வேலை நேரத்தைக் குறைக்கணும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், நோயாளிக்கு ஒழுங்கான மருத்துவம் வேணும். கள்ளுக்கடையை மூடணும். உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. கூட்டம் போட, பேச, சங்கம் வைக்க உரிமை வேணும். நம் பெண்களிடம் வெள்ளைத் துரைமாரும், அவர்களைப் போலவே நடந்துகொண்ட கறுத்த துரைமாரும் முறைகேடாக நடப்பது நிற்கணும். துரைக்கு எதிரே சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக உரிமை வேணும்.

இதில் எது குற்றம்? எந்தக் கோரிக்கை நாட்டைக் கவிழ்க்கும்? கூலி கொஞ்சம் உயர்ந்தது, உண்மைதான். ஆனால் கூலியைவிட மானத்தைக் கேட்டதுதான் துரைமாருக்குப் பொறுக்கவில்லை.

1941 மே மாதம் 5-ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். முதலாளிமார் தங்கள் சங்கத்தில் கூடிக் கூலியைப் பேசியபோது அவர்கள் வீட்டுக் கதவை எந்தப் போலீசும் தட்டவில்லை. தொழிலாளி கூடியவுடன் அது கலகம் ஆகிவிட்டது! வெள்ளையனுக்கு ஒரு சட்டம், கூலிக்காரனுக்கு ஒரு சட்டம்.

நாதனைப் பிடித்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். அடங்கவில்லை. அவரை விடுதலை செய்யணும் என்று தோட்டம் தோட்டமாக மக்கள் எழுந்தார்கள். கிள்ளானில் மூண்ட நெருப்பு சிலாங்கூர் எங்கும் பரவியது. ஏறக்குறைய 20,000 பேர் கத்தியைக் கீழே வைத்தார்கள். மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. போலீஸ் போதாதென்று பட்டாளம் வந்தது. அந்தப் பட்டாளத்தில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. துப்பாக்கி பிடித்த கை நம் நிறம். உத்தரவு போட்ட வாய் வெள்ளையனுடையது. தொழிலாளர் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பலர் காயம்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள்.

நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். எந்தக் கோர்ட்டிலும் நின்று தன் நியாயத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. சில மாதங்களில், அதே 1941 டிசம்பரில், ஜப்பான்காரன் வந்து இறங்கினான். நிராயுதபாணிகளிடம் அத்தனை வீரம் காட்டிய ஆட்சி, ஜனவரியில் கோலாலம்பூரை விட்டே ஓடியது.

இது நம் கதை மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மக்கள் எங்கே போனாலும் பாஸ் புத்தகம் வைத்திருக்கணும் என்று ஒரு சட்டம் இருந்தது. அதை எதிர்த்து 1960 மார்ச் 21-ஆம் தேதி ஷார்ப்வில் என்ற ஊரில் கூடியவர்கள்மேல் போலீஸ் சுட்டது. 69 பேர் மாண்டார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. அமெரிக்காவில் 2020 மே 25-ஆம் தேதி ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தை வெள்ளைப் போலீஸ்காரர் ஒருவர் முழங்காலால் அழுத்தியே கொன்றார். ஊர் வேறு, வருஷம் வேறு. நிறத்தைப் பார்த்து உயிருக்கு விலை போடும் புத்தி ஒன்றுதான். அந்தப் போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றித் தண்டித்தார்கள். நம் ஐவருக்காக யார் கூண்டில் ஏறினார்கள்?

பாட்டாளிப் பெருமக்களே, நாதனை நினைப்பதென்றால் மாலை போடுவது மட்டும் போதாது. அவருக்குக் கிடைக்காத உரிமை இன்று நமக்கு எழுத்தில் இருக்கிறது. நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? நம்மைக் கைது செய்தால் காரணத்தைச் சொல்லணும். நாம் விரும்பும் வழக்கறிஞரைப் பார்க்க விடணும். பயணத்துக்கு ஆகும் நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தணும். அவர் அனுமதி இல்லாமல் அதற்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு, முக்கியமாக இளவட்டப் பையன்களுக்கு, மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். போலீஸ்காரரிடம் மரியாதையாகப் பேசுங்கள். காரணத்தையும் தைரியமாகக் கேளுங்கள். மரியாதை வேறு, பயம் வேறு.

நம் தாத்தாமார் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். இறங்க மாட்டோம் என்று சொல்லக் கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் நாதன். கிள்ளான் பக்கம் போகும்போது அந்த ஐந்து உயிர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.