பகிர்ந்தளித்த தலைமை

வகுப்பறைக் கதவு மூடப்பட்டதும் ஆசிரியர் தனித்துவிடுகிறார். அவர் கண்டறிந்த நல்ல கற்பித்தல் முறை அடுத்த அறையைச் சென்றடைவதில்லை. அவருடைய இடர்ப்பாட்டை அடுத்த அறையிலிருப்பவர் அறிவதுமில்லை. பாடத்திட்டமோ மேலிடத்தில் வகுக்கப்பட்டு ஆணையாக வந்து சேர்கிறது. இந்நிலையை மாற்ற முனைந்தவர் அமெரிக்கக் கல்வியாளர் எலா பிளாக் யங் அம்மையார்.

இளமையும் பணியும்

எலா 1845ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், உழைக்கும் குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் குடும்பத்துடன் சிகாகோவில் குடியேறினார். அங்கேயே ஆசிரியப் பயிற்சி பெற்று, 1862இல் தம் பதினேழாம் வயதில் ஆசிரியரானார். திருமணமான சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்தபோதும் பணியில் தளரவில்லை. படிப்படியாக உயர்ந்து, 1887இல் நகரப் பள்ளிகளின் துணைக் கண்காணிப்பாளரானார்.

அக்காலத்தில் சிகாகோ விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. பள்ளிகள் பெருகப் பெருக, அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தது. மேலிருப்போர் சிந்திக்க, கீழிருப்போர் செயற்படுத்தும் தொழிற்சாலை முறை கல்வியிலும் புகுந்தது. அம்முறைக்கு உடன்பட மனமின்றி, 1899இல் அவர் தம் பதவியைத் துறந்தார்.

மீண்டும் மாணவராக

ஐம்பது வயதை எட்டிய பருவத்தில் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயியின் மாணவராகச் சேர்ந்திருந்தார். 1900இல் முனைவர் பட்டம் பெற்றார். பள்ளியில் நிலவும் தனிமையே அவரது ஆய்வுப்பொருள். சிந்திக்கும் உரிமை மறுக்கப்பட்ட ஆசிரியரால் சிந்திக்கும் மாணவரை உருவாக்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. அதற்குத் தீர்வாக ஆசிரியர் மன்றங்களை முன்மொழிந்தார். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்கள் கூடிக் கலந்தாய வேண்டும். அவர்களுடைய சார்பாளர்கள் நகர அளவிலான மன்றத்தில் அக்கருத்துகளை எடுத்துரைக்க வேண்டும். இந்த மாணவரிடமிருந்து தாம் கற்றவை பல என்று டூயியே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

தலைமைப் பொறுப்பு

1909இல் எலா சிகாகோ பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளரானார். பெருநகரம் ஒன்றின் பள்ளிகளுக்குத் தலைமையேற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. அடுத்த ஆண்டே தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதிகாரம் கைக்கு வந்தபின் அதனைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது அரிது. அவ்வரிய செயலை அவர் செய்தார். ஆசிரியர் மன்றங்களை அமைத்து, பாடத்திட்டம் முதலிய பொருள்களில் அவர்களுடைய கருத்துகளுக்கு இடமளித்தார்.

இதற்கு அவர் தந்த விலை பெரிது. கல்வி வாரியத்தில் எதிர்ப்பு வலுத்து, 1913 டிசம்பரில் பதவியை இழந்தார். நகரப் பெண்கள் திரண்டு கண்டனம் எழுப்பினர். அம்மாதத்திலேயே அவர் மீண்டும் பொறுப்பேற்றார். 1915இல் ஓய்வு பெற்ற அவர், 1918இல் பரவிய கொடிய காய்ச்சலுக்கு இரையானார்.

ஆசிரியர் மன்றங்கள் நிலைத்தனவா? இல்லை. 1920களில் வந்த வேறொரு கண்காணிப்பாளர் அவற்றைக் கலைத்துவிட்டார். தலைவர் ஒருவரின் நல்லெண்ணத்தால் கிடைத்த உரிமை, அடுத்து வருபவரின் விருப்பத்தால் பறிபோகக்கூடும். எனினும், ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஆய்ந்து முடிவெடுக்க வல்லவர்கள் என்பதை அம்மையாரின் ஆறாண்டுப் பணி மெய்ப்பித்தது. அவர் திறந்துவைத்த கதவைத் திறந்தே வைத்திருப்பது பின்வருவோர் கடமையாகும்.