பாசியை ஆராய்ந்த பேராசிரியர்

குளத்துப் பாசியைக் கண்டால் கால் வழுக்குமென்று ஒதுங்கிச் செல்வோரே பலர். அப்பாசியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார் ஒரு சென்னைப் பேரறிஞர். இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் அவர்களே அவர்.

1886-ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். இலண்டன் சென்று, பாசியியல் வல்லுநர் பிரிட்ச் அவர்களிடம் பயின்று 1930-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஈரமண்ணில் வளரும் புதியதொரு பச்சைப் பாசிக்கு 1932-இல் ஆசான் நினைவாகப் 'பிரிட்சியெல்லா' எனப் பெயர் சூட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

எனினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது அவருடைய டயாட்டம் ஆராய்ச்சியே. டயாட்டம் ஓருயிரணுப் பாசி. பெட்டியும் மூடியும் போன்ற இரு சிலிக்கா ஓடுகளுக்குள் வாழ்வது. அது இரண்டாகப் பிரியும்போது, சேய் ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை மூடியாக எடுத்துக்கொண்டு, அதற்குள் பொருந்தும் பெட்டியைப் புதிதாகச் செய்துகொள்ளும். ஆகவே தலைமுறைதோறும் உருவம் சிறுத்து வரும். இழந்த பருமனை மீட்பது எவ்வாறு?

வட்டம், படகு என ஓட்டின் வடிவைக் கொண்டே டயாட்டங்களை வகைப்படுத்தி வந்த காலம் அது. ஐயங்காரோ ஓட்டினுள் நிகழ்வதைக் கண்டறிய முற்பட்டார். 'சைக்ளோடெல்லா மெனகினியானா' என்னும் வட்ட டயாட்டத்தைப் பற்றி, சுப்பிரமணியன் என்பாருடன் சேர்ந்து 1944-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். அணுக்கரு குன்றல் பகுப்படைகிறது. பின்னர் அதே உயிரணுவினுள் இரு கருக்கள் இணைகின்றன. அதன் பிறகே உருவம் பருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

1968-இல் அதே இனத்தில் ஆண் பாலணுக்கள் கண்டறியப்பட்டன. முடிவின் ஒரு பகுதி திருத்தம் பெற்றது. பருக்குமுன் குன்றல் பகுப்பு நிகழ்கிறது என்பது நிலைத்தது. ஐயங்கார் 1963-இலேயே மறைந்துவிட்டார். இருந்திருப்பின் மகிழ்ந்தே இருப்பார் என எண்ணுகிறேன். வட்ட வடிவினவற்றிலிருந்தே படகு வடிவினவை தோன்றின என்றும், வட்ட வடிவினவை யாவும் ஒரே கிளையினவல்ல என்றும், கடல் டயாட்டங்கள் பன்முறை நன்னீருக்குக் குடிபுகுந்தன என்றும் மரபணு ஆய்வு இன்று உணர்த்துகின்றது. ஓட்டை மட்டும் நோக்கினால் இவை புலப்பட்டிருக்குமா?

பம்பாய், சால்செட் தீவுகளின் டயாட்டங்களைக் கொன்சால்வஸ் அம்மையாரும் காந்தி என்பவரும் 1952 முதல் 1954 வரை விவரித்து எழுதினர். அத்தீவுகளுக்கு அப்பாலுள்ளது நான் வாழும் அம்பர்நாத். அங்கே சிவன் கோயிலையொட்டி ஓடும் வால்துனி ஆறு கழிவுநீரால் மாசுபட்டுக் கிடக்கிறது. மாசு நீரையும் பொறுத்து வாழவல்லது அதே சைக்ளோடெல்லா! ஆற்றின் நலிவை அறிய அதுவும் ஒரு சான்றாகும்.

நண்பர்களே! பிழைப்புத் தேடி நம் பெற்றோர் வந்த ஊர் இது. இவ்வூர் நீரை ஆராய்வதும் நம் கடனே. உருப்பெருக்கியுடன் என்னோடு வருவோர் யார்?